குடகனாற்று மணலுக்கு ஞாபகசக்தி உண்டு, தெரியுமா?

திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. ஆற்றை யாரும் சொல்வதில்லை! தாடிக்கொம்பு பக்கம் பாலத்துக்கு அடியில் வெறும் மணலும் புதருமாகக் கிடப்பதைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் ஏதோ ஓடை என்று கடந்துபோகிறார்கள். அதுதான் குடகனாறு. ஆண்டில் பல மாதம் அதில் தண்ணீரே இருக்காது. ஆனால் அந்த மணலிலும், ஓரத்தில் ஆடுகிற நாணலிலும், பக்கத்துக் கண்மாயின் வண்டலிலும் எத்தனை அதிசயங்கள் புதைந்து கிடக்கின்றன தெரியுமா? வாருங்கள், ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்ப்போம்.

முதலில் இது. பழனி மலையின் கிழக்குச் சரிவில் அருகருகே விழுகிற இரண்டு மழைத்துளிகள் இரண்டு வேறு ஆறுகளில் போய்ச் சேரக்கூடும், தெரியுமா? ஒரு துளி குடகனாற்றில் இறங்கினால் ஆத்தூர் காமராஜர் அணை, தாடிக்கொம்பு, வேடசந்தூர் என்று வடக்கே போகும். கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலந்து, அங்கிருந்து காவிரியில் சேர்ந்து, பூம்புகார் திசையில் கடலைத் தேடும். பக்கத்துத் துளி மருதாநதியில் விழுந்துவிட்டால் அதன் பாதை தெற்கே வைகைக்கு, மதுரை வழியாக ராமநாதபுரத்துப் பெரிய கண்மாய்க்கு. திண்டுக்கல் சமவெளி இரண்டு பெரிய ஆறுகளுக்கு நடுவே நிற்கும் திண்ணை!

அதோடு முடியவில்லை. நிலக்கோட்டை வட்டாரத்தில் அணைப்பட்டிக்கு அருகே வைகையின் குறுக்கே பேரணை இருக்கிறது அல்லவா? பெரியாறு பிரதானக் கால்வாய் கிளம்புவது அங்கேதான். 1895ல் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடிக்காமல் போயிருந்தால் அந்தத் தண்ணீர் கேரளம் வழியே அரபிக்கடலுக்குப் போயிருக்கும். மேற்கே போகவேண்டிய ஆறு மலையைக் குடைந்து வந்து நம் திண்டுக்கல் மாவட்டத்தின் ஓரத்தில் கிழக்கே திரும்பி நெல்லுக்குப் பாய்கிறது!

மலை எப்படி வயலாகிறது?

பழனி மலையின் பாறைக்கு ‘சார்னோகைட்’ என்று பெயர். சென்னைப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது இதே குடும்பத்துப் பாறைதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு அந்தப் பாறையைத்தான் பலகையாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் 1893ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பெயரைச் சூட்டினார். இந்தக் கருங்கல் மழையிலும் வெயிலிலும் வேர்களின் அமிலத்திலும் மெல்ல மெல்ல இற்றுப்போகிறது. அதிலுள்ள குவார்ட்ஸ் கரையாமல் மணலாக மிஞ்சும். ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறும். குடகனாற்று மணலும் கண்மாய்க் கரம்பையும் ஒரே பாறை பெற்ற இரண்டு பிள்ளைகள்!

தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை எத்தனை மடங்காகும்? இரண்டு? நான்கு? இல்லை, 64 மடங்கு! 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹாப்கின்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் போட்ட கணக்கு இது. கணுக்கால் அளவுக்குச் சலசலத்த காட்டோடை ஐப்பசி மழையில் ஒரே இரவில் ஆளுயரப் பாறையை அடிவாரத்துக்குக் கொண்டுவந்து போடுகிற மர்மம் இதில்தான் இருக்கிறது. பழனி மலையின் உச்சி 2,500 மீட்டரைத் தாண்டுகிறது. திண்டுக்கல் நகரமோ கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. அவ்வளவு உயரத்தையும் நீர் கொஞ்ச தூரத்துக்குள் இறங்கித் தீர்க்க வேண்டும். வேகத்துக்குக் கேட்கவா வேண்டும்!

இன்னொன்றைக் கேளுங்கள், இதை நம்பவே கடினமாக இருக்கும். ஆற்றுப்படுகையில் மணலைவிடப் பல மடங்கு நுண்ணியது களிமண். அப்படியானால் எதை நீர் சுலபமாக அரித்துக்கொண்டு போகும்? களிமண்ணை என்றுதான் எல்லோரும் சொல்வோம். தவறு! படிந்து இறுகிய களிமண்ணைப் பெயர்க்க மணலைப் பெயர்ப்பதைவிட அதிக வேகம் வேண்டும். களிமண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, மணலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. ஸ்வீடனின் உப்சாலாவில் ஃபிலிப் யூல்ஸ்ட்ரோம் 1935ல் வரைந்து காட்டிய வளைகோடு இன்றும் உலகமெங்கும் ஆற்றியல் பாடத்தில் இருக்கிறது.

ஆனால் ஒருமுறை கலங்கிவிட்டால்? அப்போது கதை தலைகீழ். அசையாத நீரில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கான களிமண் துகளுக்கு அதே ஒரு மீட்டரை இறங்க மூன்று நாளுக்கு மேல் ஆகும்! வெள்ளம் வடிந்த பிறகும் கண்மாய் பல நாள் செம்மண் நிறத்திலேயே நிற்பதன் ரகசியம் இதுதான்.

இதைப் பாடப்புத்தகம் இல்லாமலே நம் விவசாயிகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். வரத்துக்கால் வந்து விழுகிற பக்கம் மணலும் சவுடும் கிடக்கும், மடையை ஒட்டிய ஆழத்தில்தான் வழுவழுப்பான கரம்பை கிடைக்கும். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டியைக் கட்டிக்கொண்டு எந்த மூலைக்குப் போகவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மலையில் கரைந்த சத்து ஆற்றில் வந்து, கண்மாயில் தங்கி, வண்டியில் ஏறி, வயலுக்குப் போய்ச் சேர்கிறது. 1989ல் வோல்ஃப்காங் யுங்க் என்ற ஜெர்மானியச் சூழலியலாளர், அமேசான் வெள்ளச் சமவெளிகளைப் பார்த்துவிட்டுக் கூட்டாளிகள் இருவரோடு ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். ஆறு வருடா வருடம் கரைதாண்டிப் பரவி வடிவதுதான் அந்த நிலத்தின் உயிர்த்துடிப்பு என்றது அது. நம் கண்மாய்ச் சங்கிலியோ அந்தத் துடிப்பை மனிதக் கையால் செய்து வைத்த ஏற்பாடு! மேல்கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாகக் கீழ்க்கண்மாய், அது நிறைந்தால் அடுத்தது. வெள்ளச் சமவெளியைப் படிப்படியாக வெட்டி அடுக்கிய இந்த வித்தையைச் செய்தவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. எனக்கு இதைவிடப் பெரிய பொறியியல் அதிசயம் இந்தச் சமவெளியில் வேறு எதுவும் இல்லை.

செடி வருமுன் ஆறு எப்படி இருந்தது?

ஆறு வளைந்து நெளிந்து போகும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட வரைந்து காட்டும். அந்த வளைவைச் செய்தது யார் தெரியுமா? பெரும்பாலும் செடிகள்! சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன், வேருள்ள தாவரங்கள் தரையில் பரவாத காலத்து ஆற்றுப் பாறைகளை நீல் டேவிஸ், மார்ட்டின் கிப்லிங் என்ற இரு ஆய்வாளர்கள் உலகம் முழுவதும் தேடிப் படித்தார்கள். அந்த ஆறுகள் பெரும்பாலும் அகன்று, ஆழமில்லாமல், பல இழைகளாகப் பிரிந்து பரவி ஓடியிருக்கின்றன. பிடித்து நிறுத்தக் கரையில் வேர் இல்லையே! 2018ல் டேவிஸும் வில்லியம் மக்மஹனும் இன்னொன்றைச் சொன்னார்கள். தாவரம் வந்த பிறகு ஆற்றுப் படிவுகளில் சேற்றுப்பாறையின் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடிவிட்டது. அதாவது கரம்பையை நிலத்தில் தங்க வைத்ததில் செடிகொடிகளுக்குப் பெரும் பங்கு!

இதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க முடியுமா? முடிந்தது. கலிபோர்னியாவில் கிறிஸ்டியன் பிராட்ரிக் குழு பெரிய தொட்டியில் மணல் நிரப்பி ஒரு குட்டி ஆற்றை ஓடவிட்டது. வெறும் மணலாக இருந்தால் ஆறு சிதறிப் பல இழையாகிவிடும். அதன் கரையில் அவர்கள் ஒரு தீவனப்பயிரின் விதையைத் தூவி முளைக்கவிட்டார்கள். என்ன பயிர் தெரியுமா? நம் ஒட்டன்சத்திரம், பழனி வட்டாரத்து மாட்டுக்காரர்களும் அறிந்த குதிரைமசால்! அந்தச் சின்ன முளைகளின் வேர் கரையைப் பிடித்தது, ஆறு ஒரே இழையாகி வளைந்து ஓடத் தொடங்கியது, வளைவுகள் நகர்ந்தன. 2009ல் இது வெளியானபோது ஆற்றியல் உலகமே வியந்து பார்த்தது.

இத்தாலியின் தாலியமென்டோ ஆறு இன்னும் ஒரு படி மேலே. அங்கே வெள்ளம் வேரோடு பிடுங்கி வந்த பாப்லர் மரம் மணல்திட்டில் தட்டி நின்றதும், நம்மூரில் வேலிக்கு வெட்டி நடும் ஒதியம்போத்து துளிர்ப்பதுபோலத் துளிர்க்கிறது. அதன் பின்புறம் நீர் வேகம் குறைகிறது, வண்டல் படிகிறது, விதைகள் ஒதுங்குகின்றன, சில ஆண்டுகளில் அங்கே ஒரு தீவே எழுந்து நிற்கிறது! பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆஞ்சலா கர்னெல் இதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர். ஆற்றின் பொறியாளர்கள் தாவரங்களே என்பது அவர் நிலைநாட்டிய கருத்து.

நம் நாணலையும் கோரையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். வெள்ளம் வந்தால் நாணல் எதிர்த்து நிற்பதில்லை, அப்படியே படுத்துக்கொள்கிறது. படுத்த புல் படுகைமேல் பாய் விரித்துவிடுகிறது, கீழே இருக்கும் மண்ணை நீர் தொட முடியாது. வெள்ளம் தணிந்து மெதுவாகும்போது எழுந்து நின்று, போகிற வண்டலை வடிகட்டிப் பிடிக்கிறது. அந்த வண்டலில் அடுத்த ஆண்டு புங்கம் முளைக்கும், நீர்மருது முளைக்கும். வெட்டிவேர் எந்த அளவுக்குப் போகும் தெரியுமா? மூன்று, நான்கு மீட்டர் ஆழம் வரை நேர் கீழே! அதன் வேரின் இழுவலிமை சராசரி 75 மெகாபாஸ்கல் என்று தாய்லாந்துப் பொறியாளர் திதி ஹெங்சவோவனிச் அளந்து சொன்னார். சாதாரண எஃகின் வலிமையில் ஆறில் ஒரு பங்கு! குளிக்கிற தண்ணீரில் வாசனைக்குப் போடுகிறோமே, அதே வேர்.

மண் எதையும் மறப்பதில்லை

இனி தலைப்பில் சொன்ன ஞாபகசக்திக்கு வருகிறேன்.

மண்ணுக்குள் புதைந்த குவார்ட்ஸ் மணல் துகள் தன்னைச் சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கும். வெயில் பட்ட மறுகணம் அந்தச் சேமிப்பு அழிந்து கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆகவே இருட்டிலேயே மண்ணை எடுத்து, ஆய்வகத்தில் ஒளியால் தூண்டி, அது உமிழும் மெல்லிய வெளிச்சத்தை அளந்தால் போதும். அந்த மணல் கடைசியாகச் சூரியனைப் பார்த்தது எப்போது என்று சொல்லிவிடலாம்! அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் இந்த முறையில் பெயர் பெற்றது. பேரணையைத் தாண்டிப் போகிற அதே வைகையின் வெள்ளப் படிவுகளைக் கீழடியில் இந்த முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஊரின் செங்கல் கட்டடங்களை மூடிக் காத்தது ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் வந்த வெள்ள வண்டல் என்று தெரியவந்திருக்கிறது. ஊரை மூடிய மண்ணே அதன் வரலாற்றைப் பத்திரமாக வைத்திருந்தது!

மகரந்தம் இன்னும் பெரிய ஆச்சரியம். பூவின் தூள்தானே, ஊதினால் பறந்துவிடும் என்று நினைக்கிறோம். அதன் வெளியுறை சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். அந்த உறையின் வடிவத்தைப் பார்த்தே இது இந்தச் செடி என்று அடையாளம் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதில் உலகப் புகழ் பெற்றவர் ஒரு தமிழர், தெரியுமா? கணபதி தணிகைமணி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்த ஆய்வகத்தை நடத்தியவர். தென்னிந்திய மலைகளின் பழைய தாவர வரலாற்றை ஃபிரான்சுவா பிளாஸ்கோவோடு சேர்ந்து 1970களில் ஆராய்ந்தவர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் அவர் உயிரிழந்தார். விமானப் பணிப்பெண் நீரஜா பனோட்டின் தியாகத்தால் நாடு நினைவில் வைத்திருக்கும் அதே விமானம். நீரஜாவைப் போலவே தணிகைமணியையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நீலகிரியின் சதுப்புச் சேற்றை ஆராய்ந்து 1993ல் ராமன் சுகுமாரும் கூட்டாளிகளும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சேற்றிலுள்ள கார்பனின் இரண்டு வகைகளின் விகிதத்தைப் பார்த்தே, எந்தக் காலத்தில் மலையில் புல் ஓங்கியிருந்தது, எப்போது ஈரம் கூடி மற்றத் தாவரங்கள் ஓங்கின என்று பல்லாயிரம் ஆண்டு கதையைப் படித்துவிட்டார்கள். யானை ஆய்வுக்குப் பெயர்போன சுகுமார் சேற்றையும் படித்திருக்கிறார்!

காய்ந்து வெடித்த கண்மாயைப் பார்த்துச் செத்துவிட்டது என்று சொல்லாதீர்கள். அதன் சேற்றுக்குள் விதைகள் காத்திருக்கின்றன. சீனாவில் ஒரு வறண்ட ஏரிப்படுகையில் கிடைத்த தாமரை விதை சுமார் 1,300 ஆண்டுகளுக்குப் பிறகு முளைத்தது. ஆரைக்கீரை இனத்தின் வித்துப் பை நூறாண்டு காய்ந்து கிடந்தும் தண்ணீர் பட்டதும் உயிர்பிடித்திருக்கிறது!

நல்லதை மட்டுமா மண் நினைவில் வைக்கிறது? திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. குரோமியம் நுண்ணிய களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணியில் கறை ஏறினாற்போல அல்ல, கண்ணுக்கே தெரியாமல் ஏறும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கின் தீர்ப்பு தோல் பதனிடும் ஐந்து மாவட்டங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அவற்றில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது இந்தத் தீர்ப்பில்தான். நம் ஊர்த் தண்ணீருக்காகவும் எழுதப்பட்ட தீர்ப்பு இன்று நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது.

1977ல் என்ன நடந்தது?

வறண்ட ஆறு என்று குடகனாற்றை லேசாக நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1977 வெள்ளத்தில் குடகனாறு அணை உடைந்தது. அடித்தளத்திலிருந்து 15.75 மீட்டர் உயர மண் அணை அது. ஐந்து மதகுக் கதவுகள். கதவைத் தூக்கத் தொடங்கியபோது மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓட்டினார்கள், கையாலும் தூக்கிப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரைமேல் ஏறி, பின்சரிவில் அருவியாகக் கொட்டி மண்ணைக் கரைத்துவிட்டது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் நீளம் வரை பல இடங்களில் உடைப்பு. இந்திய அணை விபத்துகளைப் பற்றிப் படிக்கும் பொறியியல் மாணவர்கள் இன்றும் குடகனாற்றின் பெயரைப் படிக்கிறார்கள்.

இத்தனை வேகத்தை மேலேயே பிடித்து நிறுத்துவது எது? பழனி மலை உச்சியின் புல்வெளியும் சோலையும்தான். அருள்தந்தை கே.எம். மேத்யூ அந்த மலையின் தாவரங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் தொகுத்து 1999ல் பெரும் நூலாகவே வெளியிட்டார். ஆனால் அந்தப் புல்வெளியின் கதி என்ன தெரியுமா? நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது! செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு அரசுமணியும் வி.வி. ராபினும் கூட்டாளிகளும் 2018ல் வெளியிட்ட முடிவு இது. வாட்டில் மரமும் யூகலிப்டசும் பைனும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. மரம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். நீலகிரி கிளன்மார்கனில் அளந்து பார்த்தார்கள். புல்வெளியில் யூகலிப்டஸ் வைத்த பகுதியிலிருந்து ஓடைக்கு வரும் நீர் முதல் சுற்றிலேயே 16 சதவீதம் குறைந்தது. புல் இருக்கவேண்டிய இடத்தில் புல்தான் இருக்க வேண்டும்!

கீழே சமவெளியில் ஆற்றை அடைப்பது சீமைக்கருவேலம். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமி ஆறுகளில் இதே போன்ற ஓர் அயல் புதர் ஏறியது, பெயர் டாமரிஸ்க். அது வண்டலைப் பிடித்துக் கரைகளை உள்ளே நகர்த்தியதால் ஆற்றின் அகலம் சராசரி 27 சதவீதம் சுருங்கிவிட்டது என்று 1978ல் வில்லியம் கிராஃப் கணக்கிட்டார். ஆற்றின் நடுவே புதர் அடைத்தால் வெள்ளம் எங்கே போகும்? கரையைத்தான் அறுக்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கண்மாயையோ ஓடையையோ தூர்வார ஜேசிபி வந்தால் பக்கத்தில் போய் நில்லுங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் கரையோர நாணலையும் கோரையையும் புங்கத்தையும் ஒருசேரச் சுரண்டி மொட்டைக் கரையாக்க விடாதீர்கள். எடுத்த கரம்பை ஊர் வயலுக்கே போகட்டும். சுரண்டிய கரை இருந்தால் ஆடியிலேயே வெட்டிவேர் நாற்று ஊன்றிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் அது வேர் பிடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் கிடைக்கும்.